மாப்பிள்ளைக்குத் தண்ணீரில் வேலை

ஒன்பதாம் அத்தியாயம்

மேரி என்பது யாருடைய பெயரும் இல்லை என்று கோசலைக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் தெரிய வந்தது. அதற்குள் அவள் மேரிக்கென்று ஒரு நீலச் சேலையை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டாள்.

பிழை அவளுடையதல்ல. வியாழக்கிழமை லண்டனிலிருந்து ரயிலும் கப்பலும் மறுபடி ரயிலுமாக வந்து பாரிஸில் இறங்கியபோது, மாப்பிள்ளை யோகநாதன் அவள் கைப்பெட்டியை வாங்கிக்கொண்டே சொன்ன முதல் செய்தி இதுதான்:

"சனிக்கிழமை பதினொண்டேகாலுக்கு மேரியிலை எழுத்து. மூண்டு மணிக்கு மண்டபத்திலை தாலிகட்டு."

யாரோ செல்வாக்குள்ள பிரெஞ்சுக்காரியின் வீட்டில் கலியாணப் பதிவு என்று கோசலை விளங்கிக்கொண்டாள். அப்படிப்பட்ட மனுசி வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? வெள்ளிக்கிழமை லா ஷப்பலில் தமிழ்க் கடை ஒன்றில் வெற்றிலை வாங்கும்போது, "மேரி அம்மாவுக்கு நீலம் பிடிக்குமோ?" என்று கேட்டும் விட்டாள். பிரெஞ்சில் மேரி என்றால் நகரசபைக் கட்டடம். கடைக்குள் நின்ற ஏழு பேரும் சிரித்த சிரிப்பில் முருங்கைக்காய்க் கட்டு சரிந்து விழுந்தது.

பிள்ளைகள் இரண்டையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மூன்று நாள் லீவில், கணவரின் ஒரே சிநேகிதனின் கலியாணத்துக்கு வந்த இடம். லண்டன் விக்டோரியா நிலையத்தில் கணவரோடு தொடங்கிய சச்சரவு கப்பலில் முற்றி, பாரிஸில் மேரியோடு சிரிப்பாக முடிந்துவிட்டது என்று கோசலை நினைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் பார்த்தால், சிரிக்காமல் ஒருவர் நின்றார்.

யோகநாதனின் அறை ஐந்தாம் மாடியில். அதை விருந்தாளிகளுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு அவன் சார்செலில் ஒரு சிநேகிதன் வீட்டில் படுத்திருந்தான். யன்னலுக்கு நேர் எதிரே, தூண்களின் மேல், மெத்ரோ ரயில் ஓடியது. வண்டி போகும்போதெல்லாம் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி நடுங்கும். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அவள் கணவர் இராஜேந்திரன் ஐந்தாவது தரமாகக் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி நடுங்காத நேரத்திலும் முடிச்சு கோணலாகவே விழுந்தது.

"என்னப்பா, உங்களுக்கோ கலியாணம்?"

"சாட்சிக் கையெழுத்து வைக்கோணுமல்லோ."

"கையெழுத்து வைக்கிறதுக்கு ஏன் வேர்க்குது?"

இராஜேந்திரன் திரும்பிப் பார்க்காமல் கேட்டார். "இஞ்சாரும், அங்கை எல்லாத்தையும் சத்தமா வாசிப்பினமாம். பேர், ஊர், பிறந்த திகதி… தொழிலும் வாசிப்பினமாம்."

"வாசிக்கட்டுமன். அவருக்கு ரெஸ்ரோறண்டிலை மனேச்சர் வேலைதானே?"

ஒரு மெத்ரோ போனது. அடுத்ததும் போனது. கோசலை சேலைக் கொசுவத்தைக் கையில் பிடித்தபடி அவர் முன்னால் வந்து நின்றாள். ஏழு வருடத்தில் இந்த முகத்தை அவள் இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறாள். இரண்டு தரமும் செலவு பெரிதாக வந்திருந்தது.

"சொல்லுங்கோ."

விஷயம் இதுதான். பொம்பிளை அருள்மலர் பருத்தித்துறையில் கணக்கு ரீச்சராக இருந்தவள்; அண்மையில்தான் வந்து, பாரிஸின் புறநகர் லா கூர்னெவில் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தாள். சம்பந்தம் பேசிய காலத்தில் அவளுடைய தகப்பன், "பெடியனைத் தெரிந்த ஒரு நல்ல மனிதரின் கடிதம் வேண்டும்" என்று கேட்டிருந்தார். லண்டனில் கந்தோரில் மேசை வேலை பார்க்கும் இராஜேந்திரனைவிட நல்ல மனிதருக்கு யோகநாதன் எங்கே போவான்? இராஜேந்திரன் எழுதினார். 'பாரிஸ் நகரின் நடுவில் பிரபலமான ஓர் உணவகத்தில் திரு. யோகநாதன் பெரும் பொறுப்பில் இருக்கிறார். அவருடைய கை படாமல் அங்கே ஒரு தட்டும் வெளியே போகாது.'

"அப்ப அவர் என்ன வேலை?"

"கோப்பை கழுவுறான்."

கோசலை கட்டிலில் இருந்துவிட்டாள்.

"கை படாமல் ஒரு தட்டும் போகாதெண்டது உண்மைதானேயப்பா?" என்றார் இராஜேந்திரன். இந்த ஒரு வாதத்தை அவர் டோவர் துறைமுகத்திலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்கவேண்டும்.

"பொம்பிளைக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"அவளின்ரை சின்னம்மாவுக்கு?"

"பூரணி அக்காவுக்கோ? ஐயோ! லா கூர்னெவிலை இருக்கிற சனத்துக்கெல்லாம் 'மருமோன் மனேச்சர்' எண்டு சொல்லி வைச்சிருக்கிறா."

கழுத்துப்பட்டியை அவர் ஆறாவது தரம் அவிழ்த்தார். கோசலை எழும்பி, அவர் கையைத் தட்டிவிட்டுத் தானே கட்டிவிட்டாள். கொஞ்சம் இறுக்கியே கட்டினாள்.

*

மேரியின் படிக்கட்டில் அவர்களுக்காக ஒரு பெரியவர் காத்து நின்றார். கறுப்புக் கோட்டு, கக்கத்தில் தோல் பை, நரைத்த மீசையின் இரு நுனியிலும் எண்ணெய். சுப்ராயன் என்று பெயர். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொம்பிளைக்குப் பிரெஞ்சு தெரியாதென்பதால் சட்டப்படி ஒரு மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நிற்கவேண்டும். அது இவர்.

இராஜேந்திரன் அவரைத் தூண் மறைவுக்கு அழைத்துப் போனார். கோசலையும் பின்னால் போனாள்.

"ஐயா, ஒரு சின்ன உதவி. மாப்பிள்ளையின்ரை தொழில் வாற இடத்திலை மட்டும் நீங்கள் கொஞ்சம்…"

"கொஞ்சம்?"

"இருமி விட்டியள் எண்டால் காணும்."

சுப்ராயனின் மீசை எழுந்து நின்றது. "தம்பி, நான் அசெர்மாந்தே. இன்னான்னு தெரியுமா? கோர்ட்டிலே கை தூக்கிச் சத்தியம் பண்ணவன். அவங்க நாலு வார்த்தை சொன்னா நானும் நாலு வார்த்தை சொல்லணும். மூணு சொன்னா சத்தியம் தப்பினவன். இருமலாவது, தும்மலாவது!"

இராஜேந்திரனின் முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆயிற்று.

அந்த நேரம் பார்த்துப் பொம்பிளை வந்து இறங்கினாள். சிவப்புக் கூறைச் சேலைக்கு இன்னும் நேரமிருந்தது. இப்போது மாம்பழ நிறத்தில் ஒரு பட்டு. மெலிந்த பெண். கண்ணாடி போட்டிருந்தாள். வந்த உடனேயே படிக்கட்டில் நின்றவர்களை ஒருவர் ஒருவராகப் பார்த்தாள். வகுப்புக்குள் நுழைந்து வரவு பார்ப்பது போல இருந்தது கோசலைக்கு. அவளுக்குப் பின்னால், கழுத்தில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு, பூரணிச் சின்னம்மா.

"இவ ஆர்? லண்டன் அக்காவோ?" என்று அருள்மலர் கோசலையின் கையைப் பிடித்தாள். "உங்கடை அவரின்ரை கடிதத்தை அப்பா சட்டம் போட்டு வைக்காத குறை. எழுத்து வடிவான எழுத்து."

கோசலை சிரித்தாள். அதைச் சிரிப்பென்று எடுத்துக்கொண்டது அருள்மலரின் பெருந்தன்மை.

சொல்லிவிடலாமா? இதோ, இந்த நிமிடமே காதுக்குள் சொல்லிவிடலாம். ஆனால் பின்னால் இராஜேந்திரன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். தன்னைக் கும்பிட்ட கணவரை அவள் முதல்முதல் பார்த்தது அந்தப் படிக்கட்டில்தான். அதை இரசித்து முடிப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

*

உயர்ந்த கூரை. சிவப்பு வெல்வெட் நாற்காலிகள். மேசைக்குப் பின்னால், நெஞ்சுக்குக் குறுக்கே நீலம் வெள்ளை சிவப்புப் பட்டி அணிந்த ஒரு கனத்த அம்மாள். நல்ல சிரிப்பு. இருபது நிமிடத்துக்கு ஒரு கலியாணம் என்ற கணக்கில், வாசலுக்கு வெளியே அடுத்த கோஷ்டி தொப்பிகளோடு நின்றது.

மேசைக்கு முன்னால் மாப்பிள்ளையும் பொம்பிளையும். பொம்பிளைக்குப் பக்கத்தில் சுப்ராயன். மாப்பிள்ளைப் பக்கம் சாட்சியாக இராஜேந்திரன். பொம்பிளைக்கு நேர் பின்னால், முதல் வரிசையில், சின்னம்மாவும் கோசலையும்.

முதல் சங்கடம் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

"இதோ பாரும்மா," என்றார் சுப்ராயன் பொம்பிளையிடம், "மதாம் இப்போ பத்திரத்தைப் படிக்கப் போறாங்கோ. நீ கம்முனு கேட்டுக்க. நடுவுலே பூந்து பேசிக்கினு இருக்கப்படாது."

அருள்மலர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தாள். "என்ன சொல்லுறியள்? விளங்கேல்லை."

"இன்னா இல்லே?"

"விளங்கேல்லை, ஐயா. மெல்லமாக் கதையுங்கோ."

"கதையா? இன்னா கதை? கதை சொல்ற இடமா இது?"

கோசலை பின்னாலிருந்து குனிந்தாள். "பிள்ளை, அவர் சும்மா இருந்து கேக்கச் சொல்லுறார். ஐயா, அவவுக்குப் புரியலையாம். மெதுவாப் பேசச் சொல்றா."

ஒரே தமிழை இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுத்தாயிற்று. பட்டி அணிந்த அம்மாள் கோசலையைப் பார்த்து, இவர் யார் என்று கேட்டார். சுப்ராயன் சிறிது யோசித்துவிட்டு, கௌரவம் குறையாமல் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பாளர் என்றாராம். அம்மாள் தலையை ஆட்டி, ஒரு நாற்காலியைக் கோசலைக்கும் முன்னால் போடச் சொன்னார்.

ஆக, எதைச் சொல்லாமல் விடுவதென்று பின்னால் இருந்து தவித்தவள், இப்போது சொல்லவேண்டிய இடத்திலேயே வந்து உட்கார்ந்தாள்.

வாசிப்பு தொடங்கியது. மாப்பிள்ளை பெயர். பிறந்த இடம்: உடுப்பிட்டி. அதை அம்மாள் வாசித்த விதத்தில் உடுப்பிட்டியில் பிறந்தவர்களுக்கே அது எந்த ஊரென்று தெரிந்திராது. பிறந்த திகதி. பிறகு—

"ப்ளோன்ழேர்."

யோகநாதன் கண்ணை மூடிக்கொண்டான். அவனுடைய நெற்றியிலிருந்து ஒரு வேர்வைத் துளி புறப்பட்டு மூக்கு நுனியில் வந்து நின்றது. சுப்ராயன் அந்தத் துளியைப் பார்த்தார். இராஜேந்திரனைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். முப்பது வருட அரசாங்க உத்தியோகத்தில் அவர் இவ்வளவு நேரம் ஒரு சொல்லுக்கு எடுத்திருக்கமாட்டார்.

"தொழில்…" என்றார். "தண்ணியிலே முங்கறவர்."

அகராதியில் முதல் அர்த்தம் அதுதான். பிரெஞ்சுக்காரர்கள் முக்குளிப்பவனுக்கும் கோப்பை கழுவுபவனுக்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு சொல், சத்தியம் தப்பவில்லை. சுப்ராயன் மீசையைத் தடவிக்கொண்டார். இராஜேந்திரனுக்குப் போன உயிர் பாதி வழியில் திரும்பியது.

ஆனால் பொம்பிளை கடற்கரை ஊர்க்காரி.

"முங்குறதெண்டால்? சுழியோடுறதோ?" அருள்மலர் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். "நீங்கள் சுழியோடுவியளோ?"

யோகநாதன் கண்ணைத் திறந்தான். "இல்லை."

"நீந்துவியளோ?"

"தண்ணி எண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்."

"பிறகென்னெண்டு சுழியோடுறது?"

பின்னாலிருந்து பூரணிச் சின்னம்மாவின் குரல் வெடித்தது. "மனேச்சர் எண்டல்லோ சொன்னவை! என்ன தண்ணி? எந்தத் தண்ணி?"

பட்டி அணிந்த அம்மாள் மணிக்கூட்டைப் பார்த்தார். ஏதாவது ஆட்சேபணையா என்று கேட்டார். வாசல் கதவு சிறிது திறந்து, அடுத்த கோஷ்டியின் தொப்பி ஒன்று எட்டிப் பார்த்தது.

அருள்மலர் கோசலையைப் பார்த்தாள். "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

கோசலைக்கு வலது பக்கம் கணவர். அவள் இறுக்கிக் கட்டிவிட்ட பட்டிக்கு மேலே முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். சொன்னால் இவருடைய கடிதம் பொய்யாகும். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளையின் கையெழுத்து ஒரு பொய்யின் மேல் விழும். லண்டனுக்குத் திரும்பிப் போய் இரண்டில் எதை வைத்துக்கொண்டு நித்திரை கொள்வது?

"இதை நான் சொல்லமாட்டன்," என்றாள். "யோகநாதன் அண்ணை, நீங்களும் பொம்பிளையும் ஒரே பாசைதானே? இதுக்கு இடையிலை ஆள் தேவையில்லை. நீங்களே சொல்லுங்கோ."

யோகநாதன் காற்சட்டைப் பையிலிருந்து இதுவரை எடுக்காத கைகளை எடுத்தான். வெளுத்து, நகத்தைச் சுற்றித் தோல் ஊறி, வெடித்துப்போன கைகள்.

"கோப்பை கழுவுறன், மலர். நாலு வருசமா. மனேச்சர் இல்லை. மனேச்சர் என்னைக் கூப்பிடுறது 'ஏய்' எண்டு."

"ஐயோ!" என்றாள் சின்னம்மா. நெஞ்சில் வைத்த கை ஆறு சங்கிலியில் போய் விழுந்து கலகலத்தது.

அருள்மலர் சத்தம் போடவில்லை. "ஆறு ஞாயிறு சின்னம்மா வீட்டுக்கு வந்தனீங்கள்," என்றாள். "ஆறு ஞாயிறும் கையைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு இருந்தனீங்கள். தேத்தண்ணி குடிக்கேக்கை மட்டும் எடுத்தனீங்கள். மனேச்சரின்ரை கை அப்பிடி ஊறி இருக்குமோ? ஒரு ஞாயிறாவது வாய் திறந்து சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"தெரிஞ்சே இருந்தனீரோ?" என்றான் யோகநாதன்.

"கணக்கு ரீச்சருக்கு இது கூடத் தெரியாதோ? கோப்பை கழுவுறது ஒரு குறையில்லை. மறைச்சதுதான் குறை. அதைப் பிறகு வீட்டிலை பேசிக்கொள்ளுவம்."

'வீட்டிலை' என்ற சொல் விழுந்ததும் யோகநாதனின் முகத்துக்கு உயிர் வந்தது. இராஜேந்திரன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். கோசலை மூச்சை விட்டாள். எல்லாம் முடிந்தது, இனிக் கையெழுத்துத்தான் என்று நினைத்தாள்.

பட்டி அணிந்த அம்மாள் சுப்ராயனிடம் தொடரலாமா என்று கேட்டுவிட்டு வாசித்தார். பொம்பிளையின் பெயர். பிறந்த இடம். திகதி. "சான் ப்ரொஃபெஸியோன்."

"தொழில் கிடையாது," என்றார் சுப்ராயன். இந்தச் சொல்லில் வில்லங்கம் ஒன்றும் இல்லை என்ற நிம்மதியோடு, கணீரென்று.

"என்ன கிடையாது?"

"தொழில். வேலை. ஒண்ணும் இல்லேன்னு போட்டிருக்கு."

அருள்மலர் எழுந்து நின்றாள்.

"ஆர் எழுதினது?"

யோகநாதன் மெல்லக் கையை உயர்த்தினான். "படிவம் நிரப்பேக்கை… இஞ்சை வந்து நீர் வேலை செய்யேல்லைத்தானே எண்டு…"

"ஆறு வருசம் படிப்பிச்சனான்! நாற்பது பிள்ளையள் ஒரு வகுப்பிலை! உங்களை ஒரு கடிதத்திலை மனேச்சர் ஆக்கினவை. என்னை ஒரு படிவத்திலை ஒண்டுமில்லாமல் ஆக்கிப்போட்டியள். உங்களுக்கு ஏத்தி எழுதத் தெரியுது, எனக்கு உள்ளதைக் கூட எழுதத் தெரியேல்லையோ?" அவள் கோசலையின் பக்கம் திரும்பினாள். "அக்கா, அந்த அம்மாவிட்டைச் சொல்லச் சொல்லுங்கோ. இதைத் திருத்தினால் ஓம். திருத்தாட்டில் இல்லை."

கோசலை சுப்ராயனிடம் சொன்னாள். சொல்லும்போது தானாகக் கொஞ்சம் சேர்த்தும் சொன்னாள். "ஐயா, கணக்கு டீச்சராம். ஆறு வருசமாம். திருத்தலேன்னா கையெழுத்துப் போடமாட்டாளாம். நானாயிருந்தாலும் போடமாட்டேன்."

"அதையும் சொல்லணுமா?"

"சொல்லுங்க. நீங்க சத்தியம் பண்ணினவர்தானே?"

சுப்ராயன் நிமிர்ந்தார். பிரெஞ்சில் அவர் பேசிய பேச்சு இரண்டு நிமிடம் நீடித்தது. நாற்பது பிள்ளைகளுக்கு அவர் விரல்களை விரித்துக் காட்டினார். கடல் கடந்து வந்ததற்குக் கையை அலையாக ஆட்டினார். நாலு வார்த்தைக்கு நாலு வார்த்தை என்ற கொள்கை எங்கே போனதென்று கோசலை கேட்கவில்லை.

பட்டி அணிந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பேனாவைத் திறந்தார். இரண்டு சொல்லைக் கோடு போட்டு அடித்தார். ஓரத்தில் ஒரு சொல்லை எழுதி, அருள்மலர் பார்க்கும்படி ஏட்டைத் திருப்பிப் பிடித்தார். நானும் முன்னாளில் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தேன் என்றாராம்.

"ஆசிரியைன்னு எழுதிட்டாங்கோ," என்றார் சுப்ராயன். குரல் கரகரத்தது. இருமிச் சரிசெய்தார்.

இனி ஒரே ஒரு கேள்வி. இவரைக் கணவனாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?

"ஓம்," என்றாள் அருள்மலர், மண்டபம் முழுக்கக் கேட்க.

அம்மாளின் புருவம் நெளிந்தது. பிரெஞ்சில் ஓம் என்றால் ஆண். ஆமாம், அவர் ஆண்தான், அதை நான் கேட்கவில்லையே என்றார்.

"ஓம், ஓம்!" என்றாள் அருள்மலர், இன்னும் உறுதியாக.

இரண்டு ஆணா என்று அம்மாள் சுப்ராயனைப் பார்த்தார். சுப்ராயன் சிரிப்பை அடக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு, யாழ்ப்பாணத்தார் 'உய்', அதாவது ஆமாம், என்பதை இப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கினார். அம்மாளின் பட்டி குலுங்கியது. அடுத்த கோஷ்டிக்கு ஒன்பது நிமிடம் பிந்தியது.

*

மண்டபம் என்று சொன்னது ஒரு ரெஸ்ரோறண்டின் பின்பக்கக் கூடம். மணவறைக்கு வாழை கிடைக்காததால் கடதாசியில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஐயர் எபினேயிலிருந்து வந்து சேர்ந்துவிட்டார். வடை பொரியும் மணம் கூடத்தை நிறைத்தது.

பூரணிச் சின்னம்மா தேறிவிட்டாள். தேறியது மட்டுமல்ல, வந்த சனத்துக்கெல்லாம் வாசலில் நின்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தாள். "மனேச்சர் வேலையை விட்டிட்டார். இப்ப தண்ணிக்கடியிலை வேலை. மேரியிலை அவையே வாசிச்சவை, கேட்டுப் பாருங்கோ." கேட்டவர்கள் மாப்பிள்ளையை ஒரு புது மரியாதையோடு பார்த்தார்கள்.

கோசலை கணவரை ஒரு மூலைக்கு அழைத்தாள். கையில் இருந்த வடையைக் கடிக்க அவருக்கு அவகாசம் கொடுக்கவில்லை.

"அவள் நல்ல பிள்ளை, அதாலை தப்பினியள். வேறை ஒருத்தி எண்டால் என்ன நடந்திருக்கும்? ஒரு கடிதத்தாலை ஒரு பெட்டையின்ரை வாழ்க்கையோடை விளையாடியிருக்கிறியள். இனி நீங்கள் எழுதிற கடிதத்தை ஆர் நம்புறது?"

யோகநாதன் வேட்டி சால்வையோடு அந்தப் பக்கம் வந்தான். கூடவே அருள்மலரும், கூறை உடுக்கப் போகிற வழியில். சந்தோசத்தில் இருந்த மனிதன். சிநேகிதனைத் திட்டு வாங்க விட அவனுக்கு மனம் வரவில்லை.

"தங்கச்சி, அவனைப் பேசாதையுங்கோ. பிழை என்ரை. நான்தான் எழுதச் சொன்னனான். அவனாலை எப்பிடி மாட்டன் எண்டு சொல்லேலும்? அவனுக்கு நான் எத்தினை எழுதிக் குடுத்தனான்!"

இராஜேந்திரனின் கையிலிருந்த வடை அப்படியே நின்றது.

"என்ன எழுதிக் குடுத்தனீங்கள்?" என்றாள் கோசலை.

யோகநாதன் வாயை மூடினான். மூடிப் பிரயோசனமில்லை. அது திறந்து அரை நிமிடம் ஆகிவிட்டது.

எட்டு வருடத்துக்கு முன் இந்த இருவரும் லண்டனில் ஒரே அறையில் இருந்தார்கள். கோசலை அப்போது சுன்னாகத்தில், நிச்சயம் முடிந்து, பதினாலு மாதம் காத்திருந்தாள். அந்தப் பதினாலு மாதமும் லண்டனிலிருந்து நீல வான்கடிதங்கள் வந்தன. அவற்றை நம்பித்தான் அவள் விமானம் ஏறினாள். இன்றைக்கும் ஈஸ்ட் ஹாம் வீட்டில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் அவை இருந்தன. சண்டை பிடித்த நாட்களில் ஒன்றை எடுத்து வாசித்துத்தான் அவள் கணவரை மன்னித்து வந்தாள்.

"'தேம்ஸ் ஆத்தங்கரையிலை மழைக்குள்ளை நிண்டு உம்மை நினைச்சன்' எண்டு ஒரு கடிதம்," என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "மழைக்குள்ளை நிண்டது ஆர்?"

"நான்தான்," என்றான் யோகநாதன். "பஸ்ஸைத் தவற விட்டிட்டு நிண்டனான்."

யாரும் சிரிக்கவில்லை. ஏழு வருடமாக அவள் மன்னித்தது இராஜேந்திரனை. மன்னிக்க வைத்தது யோகநாதன்.

அருள்மலர்தான் கேட்டாள். "எத்தினை கடிதம்?"

"முப்பது."

"முப்பத்தொண்டு," என்றார் இராஜேந்திரன்.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வடையைத் தட்டில் வைத்தார். காலையில் கோசலை கட்டிவிட்ட கழுத்துப்பட்டியை மெல்லத் தளர்த்தினார்.

"முப்பத்தொண்டு வந்தது. உவன் எழுதித் தந்து நான் பாத்தெழுதினது முப்பது. ஒண்டு நானே எழுதினது."

"எது?" என்றாள் கோசலை.

"உமக்கு அது நினைவிருக்காது. அதிலை ஒரு வடிவும் இல்லை."

"எதெண்டு கேட்டனான்."

அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் ஐயர் மணவறையிலிருந்து, "மாப்பிள்ளையின்ரை சிநேகிதர் எங்கை? தேங்காய் உடைக்க ஆள் வேணும்!" என்று குரல் கொடுத்தார். ஒலிநாடாவில் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. இரண்டு பேர் வந்து இராஜேந்திரனின் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது ஒரு தரம் திரும்பி அவளைப் பார்த்தார். கும்பிடவில்லை, கெஞ்சவில்லை. பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்து நிற்பவன் போலப் பார்த்தார்.

யோகநாதன் ஏதோ சொல்ல வந்தான். அருள்மலர் அவன் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கோசலை மூலையில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். மண்டபத்தில் யாரோ பூவும் அரிசியும் பங்கிட்டுக்கொண்டு வந்தார்கள். அவள் கையை நீட்டினாளே தவிர, கொடுத்தவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

முப்பத்தொரு கடிதமும் அவளுக்கு மனப்பாடம். முதலாவதிலிருந்து தொடங்கினாள்.